நோயாளியைத் தள்ளி வைக்கும் எங்கள் அன்பு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 9 விஞ்ஞான பாடம். ஒரு கலம் பிரிந்து இரண்டாகும், இரண்டு நாலாகும், உடம்புக்குத் தேவையானது முடிந்ததும் நின்றுவிடும்; நிற்காமல் பிரிந்துகொண்டே போனால் அதைத்தான் புற்றுநோய் என்கிறோம் என்று கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்த நேரம். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், கோட்டைக்குள்ள நிக்கிற மானுக்கும் கென்சர் வருமா?"

வகுப்பே சிரித்தது. ஆனால் திருகோணமலைப் பிள்ளைக்கு மிருகம் என்றதும் மான்தானே ஞாபகம் வரும். பிரட்றிக் கோட்டையிலும் கடற்கரைப் பக்கத்திலும் கூட்டங்கூட்டமாக மான் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். "வரும். நாய், பூனை, மாடு, மீன் எல்லாவற்றுக்கும் வரும். டைனோசருக்கே வந்திருக்கிறது. கனடாவில் எடுத்த 7 கோடியே 60 இலட்சம் வருசத்து எலும்பொன்றில் புற்றுநோய் இருந்ததை 2020இல் வைத்தியர்கள் உறுதிப்படுத்தினார்கள்" என்று சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப கூட்டமா நிக்கிற மானெல்லாம் ஒன்டுக்கொன்டு ஒட்டிக்காதா? எங்கட உம்மா சொன்னாங்க, ராத்தாட கோப்பையில தண்ணி குடிக்க வேணாமென்டு."

இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை. அந்த ராத்தா யார் என்று அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். அவர்கள் போட்டிருந்த வெள்ளைச் சீருடைகளில் எத்தனையோ அவர் கையால் தைத்தவை.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். இதில் 'நாங்கள்' என்று வருவது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெண்களும் எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர்களும். எழுதும் கையும் அதற்குள் அடக்கம். ஒருத்தர் தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாத விசயம் இது.

முதலில் பிள்ளையின் கேள்வி. மனிதருக்கு வரும் புற்றுநோய் ஒட்டாது. கோப்பையால், பாயால், கட்டிப்பிடிப்பதால், ஒரே சஹனில் சாப்பிடுவதால் வராது. விலங்குகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் ஒட்டும் புற்றுநோய் உண்டு. அவுஸ்திரேலியாவின் தஸ்மானியாத் தீவில் 'தஸ்மானியன் டெவில்' என்று ஒரு மிருகம். அவை ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொள்ளும்போது புற்றுக்கலங்களே ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும். 1996இல் முதலில் கவனித்தார்கள். பிறகு அந்த மிருகத்தின் பெரும்பகுதியே அழிந்துவிட்டது. தெருநாய்களுக்கும் அப்படியொரு கட்டி உண்டு. மனிதருக்கு இந்த வகை இல்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்றும் என்பது உண்மை. அதற்குத்தான் 2017 தொடக்கம் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே தடுப்பூசி போடுகிறார்கள். ஆனால் தொற்றுவது வைரஸ், புற்றுநோய் அல்ல. நோயாளியின் பக்கத்தில் இருப்பதால் எவருக்கும் எதுவும் வராது.

ஆக, கூட்டமாக இருப்பதால் நோய் வராது. அப்படியானால் தனியாக விடுவதால் என்ன நடக்கும்? இதை நாங்கள் தேடி வாசித்தது ராத்தா மவுத்தான பிறகுதான். முதலே வாசித்திருக்கலாம்.

1975இல் அமெரிக்காவில் வேர்ணன் றைலி என்ற ஆய்வாளர், மார்பில் கட்டி வரக்கூடிய சுண்டெலி இனமொன்றை எடுத்தார். ஒரு பகுதியை வழமையான ஆய்வுகூட அறையில் வைத்தார்: சத்தம், தூசி, அடிக்கடி கையால் தூக்குவது, பக்கத்தில் மற்ற எலிகளின் பயம். இன்னொரு பகுதியைச் சத்தமில்லாத, பாதுகாப்பான இடத்தில் வைத்தார். 400 நாளில் முதல் கூட்டத்தில் 92 வீதத்துக்குக் கட்டி வந்திருந்தது. இரண்டாவது கூட்டத்தில் 7 வீதம். இனம் ஒன்றேதான், சூழல்தான் வேறு.

2009இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கிறெச்சன் ஹேர்மிஸ், மார்த்தா மக்ளின்டொக் ஆகியோரின் குழு எலிகளை ஆராய்ந்தது. இந்த எலிகள் இயல்பில் கூட்டமாக வாழ்பவை. சிலவற்றைச் சேர்த்தும் சிலவற்றைத் தனித்தனியாகவும் வளர்த்தார்கள். கட்டி எதையும் ஊசியால் ஏற்றவில்லை, தானாக வந்ததை மட்டும் பார்த்தார்கள். தனியாக இருந்தவற்றில் கட்டிகளின் மொத்த அளவு 84 மடங்கு. அந்தக் கட்டிகள் கொடியவையாக மாறும் வாய்ப்பும் 3 மடங்குக்கு மேல். தனித்த எலிகளுக்குப் பயம் கூட. ஒரு அதிர்ச்சி வந்தால் அவற்றின் உடம்பில் ஏறிய அழுத்த ஓமோன் இறங்க அதிக நேரம் பிடித்தது.

ஓமோனுக்கும் கட்டிக்கும் என்ன தொடர்பு? 2006இல் ஹூஸ்டனில் நடந்த ஆய்வொன்று அதில் ஒரு பகுதியைக் காட்டியது. தினமும் அசையவிடாமல் அடைத்து வைத்த சுண்டெலிகளில் சூலகப் புற்றுநோய் வேகமாக வளர்ந்து பரவியது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் வகை ஓமோன்கள் கட்டியின் கலங்களிலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் கட்டிக்குப் புதிதாக இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, கட்டிக்குச் சாப்பாடு கிடைக்கிறது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புறொப்றனலோல் மருந்தால் அந்த வழியை அடைத்தபோது அந்தக் கூடுதல் வளர்ச்சி நின்றது.

இதெல்லாம் எலி. எங்களை உலுக்கியது ஒரு ஈ. வாழைப்பழம் கனிந்தால் குசினியில் மொய்க்குமே, அந்தப் பழ ஈ.

2018இல் பிரான்சில் எரிக்கா டோசன், பிரெடெரிக் மெறி ஆகியோரின் குழு, குடலில் கட்டி வரும்படி செய்த ஈக்களை மூன்று விதமாக வைத்துப் பார்த்தது. தனியாக விட்ட ஈக்களில் கட்டி வேகமாக வளர்ந்தது. தன்னைப் போலவே நோயுள்ள ஈக்களோடு விட்டவற்றில் மெதுவாக வளர்ந்தது. மூன்றாவதுதான் முக்கியம். நோயுள்ள ஒரு ஈயைச் சுகமான ஈக்களின் கூட்டத்துக்குள் விட்டார்கள். சுற்றிவரக் கூட்டம் இருக்கிறது, தனிமை இல்லை. ஆனாலும் கட்டி, தனியாக விட்ட ஈக்களில் போலவே வேகமாக வளர்ந்தது. ஏன் என்று வீடியோவில் பார்த்தபோது, அந்தக் கூட்டத்துக்குள் நோயுள்ள ஈக்கு மற்றவற்றோடு தொடர்பு குறைவு என்று தெரிந்தது. கூட்டத்துக்குள்ளேயே அது தனித்துப்போய் இருந்தது.

இதை வாசித்த அன்று எங்களுக்கு நித்திரை இல்லை. ராத்தாவுக்கு நாங்கள் செய்தது அதைத்தான்.

ராத்தா எங்கள் ஒழுங்கையின் தையல்காரி. ஒவ்வொரு வருசமும் அரசாங்கச் சீருடைத் துணி கிடைத்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில்தான் நிற்போம். அளவெடுக்கும்போதே பிள்ளையின் படிப்பு, உம்மாவின் கால்வலி, கடலுக்குப் போனவர் வந்தாரா இல்லையா எல்லாம் விசாரித்துவிடுவார். மார்பில் கட்டி என்று தெரிந்து மஹரகமைக்குப் போய் வரத் தொடங்கினார். இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்பு, அங்கிருந்து பஸ். போக மட்டும் 250 கிலோமீற்றருக்கு மேல். கிளினிக் முடிய மறுபடியும் இரவு ரயில்.

நாங்கள் அவரை வெறுக்கவில்லை. அன்பாகத்தான் இருந்தோம், அதுதான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று அந்த வருசம் சீருடைத் துணியை எல்லாம் டவுனில் வேறு கடைக்குக் கொடுத்தோம். வலீமா வீடுகளில் சமையலுக்குக் கூப்பிடவில்லை. சாப்பாடு அனுப்பினோம், ஆனால் திருப்பித் தரத் தேவையில்லாத பிளாஸ்டிக் பெட்டியில் அனுப்பினோம். பார்க்கப் போனோம், கும்பலாகவே போனோம். போய், அவர் முன்னால் இருக்க அவருடைய மகளிடம் "சாப்பிடுறாவா? நித்திரை கொள்றாவா?" என்று கேட்டோம். நோயின் பெயரைச் சொல்லாமல் "அந்த வருத்தம்" என்றோம். இன்னாருக்கும் இதுதான், ஆறு மாசம்தான் இருந்தா என்று வாசலில் செருப்புப் போடும்போது கதைத்தோம். அது அவருக்குக் கேட்டிருக்கும்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் அவர் சொன்னார்: "நான் இன்னும் மவுத்தாகல்லையே டீச்சர். ஏன் எல்லாரும் என்னை எழுப்பிக் கொண்டு போன மாதிரி கதைக்கிறீங்க? எனக்கு ஒரு பிள்ளையிட சட்டையாவது தாங்களேன்."

அடுத்த நாளே மூன்று சட்டைத் துணி கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு சட்டைக்கு இரண்டு கிழமை எடுத்தார். ஒரு கை சரியாகத் தூக்க முடியாது, பொத்தான் துளை மகள்தான் போட்டாள். ஆனால் அளவெடுத்தார், கதைத்தார், தையற்கூலியைச் சரியாக வாங்கினார். அதற்குப் பிறகு ஒன்றரை வருசம் இருந்தார். அந்த ஒன்றரை வருசமும் தையலால் வந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம், அது அல்லாஹ்வின் நாட்டம். வைத்தியர்களும் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் முந்திய ஏழு மாதத்தை அவரிடமிருந்து எடுத்தது யார்? அது நோயின் வேலை அல்ல.

இங்கே ஒரு விசயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'மனசைத் தைரியமாக வைத்தால் கென்சர் ஓடிவிடும்' என்று யாராவது இந்தப் பதிவை வைத்துச் சொன்னால் அது பிழை. எலியில் கண்டது எல்லாம் மனிதரில் அப்படியே நடக்காது. எலியிலும் எல்லா இடத்திலும் ஒரே முடிவு வரவில்லை. 2010இல் ஒஹாயோவில் பெரிய கூட்டில், நிறையக் கூட்டாளிகளோடும் விளையாட்டுப் பொருட்களோடும் வளர்ந்த சுண்டெலிகளில் தோல் புற்றுக் கட்டியின் நிறை 77 வீதம் குறைவு என்று கண்டார்கள். 2013இல் அவுஸ்திரேலியாவில் அதே மாதிரிச் செய்து பார்த்தவர்களுக்கு அப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மனிதரிலும் அப்படித்தான். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற வைத்தியர், பரவிய மார்புப் புற்றுநோய் உள்ள 86 பெண்களில் ஒரு பகுதியினரைக் கிழமைக்கொரு தடவை ஒன்றாக இருந்து கதைக்க வைத்தார். அவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். உலகமே பேசியது. 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்து மறுபடி பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் கூடிக் கதைத்த பெண்களுக்கு மனவேதனை குறைந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. அது சின்ன விசயமா?

ஆகவே நோயாளியிடம் போய் "நீங்க கவலைப்பட்டதாலதான் கூடிச்சு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஈயின் ஆய்வு சொல்வது நோயுள்ள ஈயின் குற்றத்தை அல்ல. சுற்றி இருந்த ஈக்களைப் பற்றித்தான் அது பேசுகிறது.

அதோடு, மனிதருக்கு எலியை விட இன்னொரு வழியும் உண்டு. எலிக்குத் தன் கட்டியை மறைக்கத் தெரியாது. மனிதருக்குத் தெரியும்.

ராத்தா கட்டியைத் தொட்டு உணர்ந்தது கிளினிக் போவதற்கு எட்டு மாதத்துக்கு முன். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டபோது இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, 'கத்தி பட்டா பரவும்' என்று எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் சொல்வது. மற்றது: "சொன்னா நீங்கெல்லாம் எப்படிப் பார்ப்பீங்கென்டு தெரியும். முந்தி அந்தக் கரை வீட்டு மாமிய நாம பார்த்த மாதிரி." நாம் என்றார். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

எட்டு மாதம் அந்தக் கட்டி வளர்ந்தது எங்கள் வாயின் நிழலில். சமூகச் சூழல் புற்றுநோயை வளர்க்குமா என்று ஆய்வுகூடத்தில் தேடுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் அதற்கு நுணுக்குக்காட்டி தேவையில்லை. தள்ளி வைப்பார்கள் என்ற பயத்தில் ஒரு பெண் வாய்மூடி இருந்தால், அந்த மௌனத்துக்குள் கட்டி வளரும். ஓமோனை விட இது நேரான வழி.

அமெரிக்காவில் 2013இல் 7 இலட்சத்து 34 ஆயிரத்துக்கு மேற்பட்ட புற்றுநோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். துணையோடு இருந்தவர்கள் நோய் பரவிய பின் வருவது குறைவு, சரியான சிகிச்சை பெறுவது கூட, இறப்பது குறைவு. வீட்டில் 'போய்க் காட்டுங்க' என்று சொல்ல ஒருவர் இருப்பதே அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். 2006இல் இன்னொரு ஆய்வு, மார்புப் புற்றுநோய் வந்த 2,835 தாதிமாரைப் பற்றியது. மருத்துவம் தெரிந்தவர்கள்தான் அவர்கள். அப்படியிருந்தும், உறவும் நட்பும் அற்றுத் தனித்திருந்த தாதிமார் அந்த நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய இரு மடங்கு. கணவன் இல்லாதவர்களுக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு, அந்த ஒருவராக ஒழுங்கை இருக்க முடியாதா?

எங்கள் நாட்டில் பெண்களுக்கு அதிகம் வருவது மார்புப் புற்றுநோய், ஆண்களுக்கு வாய்ப் புற்றுநோய். இரண்டுமே கையால் தொட்டும் கண்ணாடியில் பார்த்தும் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கக்கூடியவை. வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்கள் வாய்க்குள் ஆறாத புண், வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 35 வயது தாண்டிய பெண்களுக்கு எம்.ஓ.எச். அலுவலகத்தில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, பணம் தேவையில்லை. மஹரகம தூரமென்றால் மட்டக்களப்பிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. கத்தி பட்டால் பரவும் என்பது பொய். பிந்திப் போனால் பரவும் என்பதே மெய்.

நாங்கள் எங்களுக்குள் சில விசயங்களை முடிவெடுத்திருக்கிறோம். பெரிய திட்டம் ஒன்றுமில்லை.

நோயின் பெயரைச் சொல்வோம். 'அந்த வருத்தம்' என்று குசுகுசுக்க மாட்டோம். பெயர் சொல்ல முடியாத நோயை யாரும் வைத்தியரிடம் கொண்டுபோக மாட்டார்கள்.

நோயாளி முன்னால் இருக்கும்போது அவரோடுதான் கதைப்போம், அவரைப் பற்றி மற்றவரோடு அல்ல.

கிளினிக் நாளில் ஒருவர் கூடப் போவோம். அது முடியாதவர்கள் அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம்.

பாடசாலையில் ஓர் ஆசிரியைக்கு இந்த நோய் வந்தால், 'பாவம்' என்று எல்லாப் பாடவேளையையும் பறித்துவிட மாட்டோம். எத்தனை முடியும் என்று அவரிடமே கேட்போம். ஒரு வகுப்பு போதும் என்றால் அந்த ஒரு வகுப்பு அவருடையதாகவே இருக்கட்டும்.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்தோம். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் தமிழ், சிங்களக் குடும்பங்களுக்கும் நோயாளியைப் பார்ப்பது பழக்கம்தான். நாங்கள் யாரும் அந்தக் கடமையை விடவில்லை. கும்பலாகப் போனோம், பிஸ்கட் பெட்டியும் கொண்டு போனோம். ஆனால் போய் உட்கார்ந்து, அந்த மனுசியை ஒரு மனுசியாகப் பார்க்காமல் வந்தோம். சுகமான ஈக்களின் கூட்டம்.

அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் சொன்ன பதில் சின்னது: "கோப்பையால ஒட்டாது. நீ அந்த வீட்டில தாராளமா தண்ணி குடி." அவள் ராத்தாவின் வீட்டுக்கு இப்போதும் போகிறாள். அங்கே தையல் மெசினில் இருப்பது ராத்தாவின் மகள். அளவெடுக்கும்போது உம்மாவைப் போலவே எல்லாக் கதையும் கேட்கிறாளாம்.

உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். இன்று அசருக்குப் பிறகு ஒரு எட்டுப் போய் வாருங்கள். கொடுப்பதற்கு மட்டும் போகாதீர்கள், எதையாவது கேட்கவும் போங்கள். ஒரு பொத்தான் தைத்துத் தரச் சொல்லுங்கள். வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை என்று கேளுங்கள். பிள்ளையின் கணக்கைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். இந்த ஒழுங்கைக்கு அவர் இன்னும் தேவைப்படுகிறார் என்று அவருக்குத் தெரியட்டும்.

கட்டி ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு இதை வாசிக்கும் சகோதரி யாராவது இருந்தால்: நாளைக்கே போய்க் காட்டுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். திருகோணமலைக்குள் என்றால் நாங்கள் கூட வருகிறோம்.